ஜாவி, நிபோங் திபால் பக்கம் விவசாய நிலம் வாங்கிக் குடியேறலாமா? பங்கு நிலம் பற்றி ஒரு கேள்வி

செந்தூல் ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் துணைவியாரும் இவ்வாண்டு பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றோம். கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் இருவரும் தலையெடுத்துவிட்டார்கள். மீதிக் காலத்தை நாலு வாழை, ஒரு முருங்கை, கொஞ்சம் கீரைப் பாத்தி என்று மண்ணோடு கழிக்க வேண்டும் என்பது எங்கள் இருவரின் நெடுநாள் ஆசை. நான் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன் என்பதால் பினாங்கு மாநிலத்துத் தென் செபராங் பிறையை விட்டு வேறு பக்கம் மனம் போகவில்லை.

ஜாவிக்கு உள்ளே ஐந்து ஏக்கர் பழைய செம்பனை நிலத்தை இருபது துண்டாக்கி, துண்டு ஒன்று பத்தாயிரம் சதுர அடி, விலை 95,000 வெள்ளி என்று விற்கிறார்கள். வண்ணம் தீட்டிய வரைபடத்தில் எங்களுக்கு 14ஆம் எண் துண்டைக் காட்டி, நடுவே சாலையும் போட்டிருக்கிறார்கள். கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) மொத்தத்திற்கும் ஒன்றுதான், ஆனால் வழக்கறிஞர் முன்னிலையில் ஒப்பந்தம் எழுதித் தருவோம், வீடு கட்டிக்கொண்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று தரகர் உறுதி சொல்கிறார். இதை வாங்கலாமா? அந்தப் பகுதியில் இப்போது வாழ்க்கை எப்படி இருக்கிறது? அறிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றி உடையவனாக இருப்பேன்.

ஜாவி வாசகி எழுதியது:

வணக்கம் ஐயா. நிலச் சட்டம் தெரிந்தவர்கள் பத்திரத்தைப் பற்றிச் சொல்லட்டும். நான் இங்கேயே வாழ்க்கைப்பட்டு, இங்கேயே பிள்ளைகளைப் படிக்க வைத்தவள் என்ற முறையில் ஊரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஊர் நல்ல ஊர். சுங்கை பாக்காப்பில் அரசு மருத்துவமனை இருக்கிறது. நெடுஞ்சாலைக்கு ஜாவியிலேயே சுங்கச்சாவடி உண்டு. நிபோங் திபாலில் ஏறினால் கம்யூட்டர் ரயில் பட்டர்வொர்த்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். 2014இல் இரண்டாவது பாலம் திறந்ததிலிருந்து பத்து காவான் வழியாகப் பினாங்குத் தீவுக்குப் போவதும் எளிதாகிவிட்டது. தமிழ்ப்பள்ளி, கோயில், வெள்ளிக்கிழமைப் பூசைக்கு ஆள் கூட்டம் எல்லாம் இன்னும் இருக்கின்றன. அதே நேரத்தில் இளம் குடும்பங்கள் பத்து காவான் தொழிற்சாலைகளை ஒட்டிய புதிய குடியிருப்புகளுக்குப் போய்விடுவதால், உள் கம்பங்களில் (கிராமங்களில்) வயதானவர்களே மிஞ்சுகிறார்கள். பகலில் அவசரம் என்றால் காரை எடுக்க ஆள் தேட வேண்டியிருக்கும் என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தரகர் காட்ட மாட்டார் என்பதால் ஈயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செம்பனைக்குக் கோழி எருவைக் காய வைக்காமல் அப்படியே கொட்டினால், அடுத்த சில நாட்களில் குழம்புச் சட்டியை மூடி வைத்த துணியே கறுப்பாகத் தெரியும். சாப்பாட்டுத் தட்டை ஒரு கையால் விசிறிக்கொண்டேதான் உண்ண வேண்டும். கோழிக் கொட்டகை, பன்றிப் பண்ணை, இவற்றிலிருந்து காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை விடியற்காலையிலும் மழை விட்ட மாலையிலும் நிலத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். பைராம் பக்கம் என்றால் புலாவ் பூரோங் குப்பைக் கிடங்கையும் மனத்தில் வையுங்கள். 2022 ஜனவரியில் அது தீப்பிடித்தபோது புகை தாங்காமல் பக்கத்துக் குடும்பங்களை வேறிடத்தில் தங்க வைக்க வேண்டியதாயிற்று. உங்கள் துணைவியாருக்கு மூச்சுத் தொல்லை ஏதும் இருந்தால் இதை அவசியம் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்திரக் குமாஸ்தா எழுதியது:

ஐயா, நான் பட்டர்வொர்த்தில் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் நிலப் பரிமாற்றக் கோப்புகளைப் பார்த்தவன். தரகர் சொல்வதற்கு நம் நாட்டில் ‘லோட் லிடி’ என்று பெயர். தென்னை ஈர்க்கைப் போல நிலத்தை மெல்லிய துண்டுகளாக்கி விற்பதால் அப்படிச் சொல்கிறார்கள். நீங்கள் வாங்குவது நிலமன்று. நிலம் வைத்திருப்பவர் உங்களுக்குக் கொடுக்கும் ஒரு வாக்குறுதி. இதை எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் தகும் என்றே நான் நினைக்கிறேன்.

தேசிய நிலச் சட்டத்தின் 136ஆம் பிரிவின்படி விவசாய நிலத்தை உட்பிரிவு செய்தால் ஒவ்வொரு துண்டும் 0.4 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு ஏக்கருக்குக் குறையக் கூடாது. ஐந்து ஏக்கரில் சட்டப்படி அதிகம் போனால் ஐந்து கிராண்ட்; சாலைக்கு இடம் விட்டால் நான்குதான் மிஞ்சும். இருபது கிராண்டுக்கு வழியே இல்லை. கிராண்டில் இருபது பேரின் பெயரை ஏற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். விவசாய நிலத்தை விலைக்கு வாங்கிப் பங்காளிகளாகப் பெயர் பதிவதற்கும் அதே 0.4 ஹெக்டேர் வரம்பு உண்டு. ஆகவேதான் ஒப்பந்தம், அறக்கட்டளைப் பத்திரம், அதிகாரப் பத்திரம் என்று வேறு வேறு தாள்களைக் கொடுக்கிறார்கள். அந்தத் தாள்களில் வழக்கறிஞரின் முத்திரை இருந்தாலும், நில அலுவலகப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்காது. நம் நாட்டு முறையில் உரிமை என்பது அந்தப் பதிவேட்டில் ஏறிய பெயர்தான்.

நிலச் சொந்தக்காரர் நாளை அந்தக் கிராண்டை வங்கியில் அடகு வைக்கலாம், கடன்காரர் வழக்குப் போடலாம், அவர் இறந்தால் வாரிசுகள் ‘எங்களுக்கு எதுவும் தெரியாது’ எனலாம். கிராண்ட் ஒருவர் பெயரில் இருப்பதால் நில வரி அறிவிப்பும் அவருக்கே போகும். மே 31க்குள் கட்டாத வரி பாக்கியாகி, அறிவிப்புக்குப் பிறகும் கட்டாமல் விட்டால், அரசாங்கம் நிலத்தையே பறிமுதல் செய்ய சட்டத்தில் இடமிருக்கிறது. பத்தொன்பது பேர் தங்கள் பங்கு வரியைச் சேர்த்துக் கொடுத்து இருபதாமவர் கொடுக்காத கதைகளை நான் கோப்புகளில் கண்டிருக்கிறேன்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். தரகரிடம் கிராண்டின் எண்ணையும் முக்கிமையும் (மாவட்டத்தின் உட்பிரிவு) லாட் எண்ணையும் வாங்கி, மாவட்ட நில அலுவலகத்தில் ‘காரியான்’ என்னும் பதிவேட்டுத் தேடல் எடுங்கள். அதில் யார் பெயர், வங்கி அடகு உண்டா, கேவியட் (பரிமாற்றத்தைத் தடுக்கும் பதிவு) உண்டா, நிலவகை என்ன, வெளிப்படை நிபந்தனை (நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பது) என்ன, உரிமைக் கட்டுப்பாடு என்ன என்று எல்லாம் வந்துவிடும். எண்ணைத் தரத் தயங்குகிற தரகரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம். பதிவு பெற்ற முகவரின் கீழ் வேலை செய்பவர் என்றால் எண்ணுடன் கூடிய சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பார். அதையும் கேட்டுப் பாருங்கள்.

பைராம் பிள்ளை எழுதியது:

மதிப்பிற்குரிய அண்ணன் சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் எங்கள் குடும்பம் இப்படிப்பட்ட பங்கு நிலத்தில்தான் வீடு கட்டி வாழ்கிறது. மின்சாரம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பக்கத்துத் துண்டுக்காரர்கள் எல்லோரும் உறவைப் போலப் பழகுகிறார்கள். தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து) வெளியேற்றப்பட்ட என் அப்பாவிடம் ஒரு ஏக்கர் வாங்கப் பணமும் இல்லை, வங்கியில் கடன் கேட்கச் சம்பளச் சீட்டும் இல்லை. கையிலிருந்த தொகைக்குக் கிடைத்தது இதுதான். வாங்காதே என்று சொல்பவர்கள், எங்களைப் போன்றவர்கள் வேறு எதை வாங்குவது என்பதையும் சொல்ல வேண்டும். மலிவு வீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களிடம் பதிவேட்டைப் பற்றிப் பேசுவது கடினமாக இருக்கிறது.

பத்திரக் குமாஸ்தா எழுதியது:

தம்பி, உங்கள் அப்பா செய்ததைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. நெருக்கடியில் தலைக்கு மேல் கூரை தேடியவரின் நிலை வேறு. கையில் சேமிப்போடு தேர்ந்தெடுக்கும் நிலையில் இருக்கும் ஆசிரியரின் நிலை வேறு. உங்கள் குடும்பத்திற்கு நான் சொல்வது ஒன்றுதான்: நிலச் சொந்தக்காரர் உயிரோடு இருக்கும்போதே, துண்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். உங்கள் ஒப்பந்தத்தை வைத்துக் கேவியட் போட முடியுமா, போட்டால் ஆறு ஆண்டுக்குப் பிறகு புதுப்பிக்க என்ன செய்வது என்று கேளுங்கள். அத்துமீறிய துண்டாக்கலுக்கு எழுதிய ஒப்பந்தத்தை நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்பது ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் படித்துத்தான் சொல்ல முடியும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

வேறு எதை வாங்குவது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நான்கு உடன்பிறப்புகள் தனித்தனியாக நான்கு ஈர்க்குத் துண்டுகளுக்குக் கொடுக்கும் பணத்தில், தனிக் கிராண்டுள்ள ஒரே ஏக்கரை ஒருவர் பெயரில் வாங்கி, மற்றவர்களுக்கு உயிலும் உடன்படிக்கையும் எழுதி வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் இருக்கின்றன. அதிலும் அண்ணன் தம்பிச் சண்டை வரும் அபாயம் உண்டு. என்றாலும் வெளியார் கையில் சிக்குவதைவிட மேல். ஏக்கர் விலை 350,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், பெயர் மாற்றத்திற்கான முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்திற்கு 1 விழுக்காடும், மீதி இரண்டரை லட்சத்திற்கு 2 விழுக்காடுமாக 6,000 வெள்ளி வரும். அதை நால்வர் பங்கிட்டுக்கொள்வது பெரிய சுமையன்று.

சுங்கை சிப்புட் பெரியவர் எழுதியது:

இந்த இழையைப் படித்தபோது பேசாமல் இருக்க முடியவில்லை. நம்மவர்களுக்கு நிலம் என்றாலே நெஞ்சு துடிக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. சுதந்திரத்திற்கு முன்னும் பின்னும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, தலைமுறை தலைமுறையாக ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் வேலையையும் இழந்தார்கள், லயத்து வீட்டையும் இழந்தார்கள். அந்த நிலையைப் பார்த்துத்தான் எங்கள் ஊர்க்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதா மாதம் சிறு தொகை வாங்கித் தோட்டங்களையே வாங்கினார். பிற்பாடு நிலச் சட்டத்திலும் 214ஏ என்ற பிரிவு வந்தது. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டத்தைத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் பலருக்குப் பிரித்து விற்க முடியாது. ஐந்து ஏக்கருக்கு அந்தக் காவல் கிடையாது. அங்கே வாங்குபவனே தனக்குக் காவல்.

பினாங்கிலேயே நடந்ததைப் பாருங்கள். குளுகோரில் புவா பாலா கிராமத்தில் பசு வளர்த்து, பால் கறந்து, பொங்கல் வைத்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள், தங்கள் பாட்டன் காலத்து நிலம் என்று உறுதியாக நம்பியிருந்தும், வழக்கில் தோற்று, 2009இல் வீடுகள் இடிபடுவதைக் கண்ணால் கண்டார்கள். எத்தனை காலம் வாழ்ந்தோம் என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை. பைராம் பிள்ளை, பேரன் வயதுடைய உங்களிடம் கடுமையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. உங்கள் பக்கத்து வீட்டார் நல்லவர்கள் என்பதை நம்புகிறேன். ஆனால் அந்த நிலத்தின் பதிவேட்டில் இருக்கும் ஒரே பெயருக்கு உரியவர் நல்லவரா, அவர் பிள்ளைகள் நல்லவர்களா என்பதில்தான் உங்கள் கூரை நிற்கிறது. அதை மாற்ற என்ன முயற்சி எடுத்தாலும் எடுங்கள்.

அரசு நிலத்தில் இருக்கத் தரும் தற்காலிக உரிமம் என்று சொல்லி நிலம் காட்டுபவர்களும் உண்டு. அது ஆண்டுக்கு ஆண்டு டிசம்பர் 31இல் முடிவது. விற்கவும் முடியாது, உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் அவரோடு முடிந்துவிடும். ஆசிரியர் அதையும் தொட வேண்டாம்.

செந்தூல் ஆசிரியர் எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய எல்லோருக்கும் எங்கள் வணக்கம். நில அலுவலகத் தேடல் எடுத்துவிட்டோம். ஐந்து ஏக்கரும் ஒருவர் பெயரில், வங்கி அடகோடு இருக்கிறது. வெளிப்படை நிபந்தனையில் செம்பனை என்று மட்டுமே எழுதியிருக்கிறது. வரைபடத்தில் இருந்த சாலை, நில அளவைத் தாளில் இல்லவே இல்லை. தரகரிடம் கேட்டபோது, விரைவில் சரியாகிவிடும் என்றதோடு பேச்சை முடித்துக்கொண்டார். 14ஆம் எண் துண்டை விட்டுவிடுகிறோம்.

அதே கம்பத்தில், அந்த நிலத்திற்குப் பின்னால் ஒரு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான துண்டு, தனி கெரான் முக்கிமோடு (அதற்கே உரிய தனிக் கிராண்டோடு) விற்பனைக்கு இருப்பதாக அங்குள்ள கோயில் தலைவர் சொன்னார். ரம்புத்தானும் தென்னையும் நிற்கின்றன. சொந்தக்காரர் காலமாகிவிட்டார், ஐந்து பிள்ளைகள், ஒருவர் சிங்கப்பூரில். நிலத்திற்குப் போகும் வழி பக்கத்து நிலத்தின் ஓரமாகச் செல்லும் மண் பாதை. அது எவருடையது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. இதில் என்னென்ன பார்க்க வேண்டும்?

பத்திரக் குமாஸ்தா எழுதியது:

இறந்தவர் பெயரிலுள்ள நிலத்தைப் பிள்ளைகள் நேரடியாக விற்க முடியாது. முதலில் பங்கீட்டு ஆணை வேண்டும். அசையாச் சொத்து உள்ளடங்கிய மொத்தச் சொத்தின் மதிப்பு 50 லட்சம் வெள்ளிக்குள் என்றால், உயில் இல்லாத நிலையில், மாவட்ட நில அலுவலகத்திலேயே சிறு சொத்துப் பங்கீட்டு விசாரணை நடக்கும். இந்த வரம்பு 2024இல்தான் 20 லட்சத்திலிருந்து உயர்ந்தது. ஐந்து பேரும் விசாரணைக்கு வர வேண்டும், அல்லது முறையாக எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவரை மற்றவர்கள் மறந்துவிட்டுப் பேசினால் நீங்கள் நினைவுபடுத்துங்கள். தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் பங்குண்டு. ஆணை பதிவாகும் வரை பெரிய தொகை எதையும் கொடுக்காமல், முன்பணத்தையும் வழக்கறிஞர் கணக்கில் நிறுத்தி வையுங்கள்.

அளவைக்காரர் எழுதியது:

வழியைப் பற்றி நான் சொல்கிறேன். மண் பாதையில் எத்தனை காலம் நடந்தாலும் அது பொதுச் சாலை ஆகிவிடாது. அளவைத் தாளில் உங்கள் லாட்டின் எந்தப் பக்கமாவது சாலை ஒதுக்கீட்டையோ அரசு நிலத்தையோ தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். தொடவில்லை என்றால், பக்கத்து நிலத்தின் கிராண்டில் வழியுரிமை பதிவாகி இருக்கிறதா என்று அந்த லாட்டுக்கும் ஒரு தேடல் எடுக்க வேண்டும். பதிவாகவில்லை என்றால், பக்கத்து நிலக்காரரோடு பேசி வழியுரிமையை எழுதிப் பதிவு செய்யலாம். அவர் ஒப்பவில்லை என்றால் நில நிர்வாகியிடம் வழியுரிமை கேட்டு விண்ணப்பிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அது காலம் எடுக்கும். பக்கத்து நிலமோ இப்போது இருபது பேருக்கு விற்கப்படுகிற அதே ஐந்து ஏக்கர் என்பதால், யாரிடம் கையொப்பம் வாங்குவது என்ற சிக்கலும் சேர்ந்து வரும். நான் உங்கள் இடத்தில் இருந்தால், வழியுரிமைப் பதிவை வாங்கும் ஒப்பந்தத்திலேயே முன் நிபந்தனையாக எழுதிவிடுவேன்.

எல்லைக் கல்லையும் நேரில் பாருங்கள். புல்லை வெட்டி, மண்ணைக் கொஞ்சம் விலக்கினால்தான் தலை தெரியும். நான்கு மூலையிலும் கல் கிடைத்தால் நன்று. இரண்டுதான் கிடைத்தால் உரிமம் பெற்ற அளவையாளரைக் கொண்டு மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். பழைய ரம்புத்தான் மரம் எங்கள் பக்கம், உங்கள் பக்கம் என்ற தகராறு கம்பத்தில் சர்வ சாதாரணம். வாய்க்காலோ ஆறோ ஒட்டியிருந்தால் அதன் ஒதுக்கீட்டுக் கரை அரசாங்கத்துடையது. அங்கே வேலியும் போடக் கூடாது, வீடும் கட்டக் கூடாது.

வீடு கட்டுவது பற்றி ஒரு சொல். விவசாய நிலத்தில் சொந்தக்காரர் குடியிருக்க வீடு கட்ட நிலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு இடம் தருகிறது. மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு ஏக்கரில் அது உங்கள் இருவருக்கும் தாராளம். ஆனால் நிலச் சட்டம் இடம் தருவது மட்டும் போதாது. செபராங் பிறை மாநகர் மன்றத்தில் திட்ட அனுமதியும் கட்டட வரைபட ஒப்புதலும் வாங்க வேண்டும். பாதை இல்லாத நிலத்திற்கு அந்த ஒப்புதல் எளிதில் கிடைக்காது. மின்கம்பம் கடைசியாக எங்கே நிற்கிறது, குடிநீர்க் குழாய் எதுவரை வருகிறது என்பதையும் பாருங்கள். அங்கிருந்து உங்கள் வாசல் வரை இழுக்கும் செலவு பலருக்கு வீட்டுச் செலவுக்கு இணையாக வந்து நிற்கிறது.

ஜாவி வாசகி எழுதியது:

ஐயா, வாரிசு விசாரணை, வழியுரிமை எல்லாம் முடியவே காலம் பிடிக்கும் போலிருக்கிறது. அதுவரை செந்தூலில் காத்திருப்பதற்குப் பதிலாக, இங்கேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்து பாருங்கள். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை இங்கே மழை கொட்டும் காலம். அந்த மாதங்களில் மண் பாதையில் உங்கள் கார் இறங்கி ஏறுகிறதா, வாய்க்கால் நீர் ரம்புத்தான் வேர் வரை வருகிறதா என்பதை நீங்களே கண்டுவிடலாம். 2017 நவம்பர் வெள்ளத்தில் அந்த நிலம் எவ்வளவு நனைந்தது என்று பக்கத்துத் தோட்டத்துக் கிழவர்களைக் கேளுங்கள். அவர்கள் மரத்தைத் தொட்டு உயரம் காட்டுவார்கள். கோயிலுக்கு அடுத்த வீதியில் மரவீடு ஒன்று காலியாக இருக்கிறது. வீட்டுக்காரர் எங்களுக்கு உறவு.

செந்தூல் ஆசிரியர் எழுதியது:

அளவைக்காரர் ஐயா சொன்ன வழியுரிமை நிபந்தனையையும், குமாஸ்தா ஐயா சொன்ன பங்கீட்டு ஆணையையும் வாங்கும் ஒப்பந்தத்தில் முதல் இரண்டு நிபந்தனைகளாக எழுதச் சொல்லி வழக்கறிஞரிடம் கொடுத்திருக்கிறோம். இரண்டும் குறித்த காலத்தில் நிறைவேறாவிட்டால் முன்பணம் திரும்பி வரும். ஐந்து பிள்ளைகளில் மூவர் ஒப்புதல் சொல்லிவிட்டார்கள். சிங்கப்பூரில் இருப்பவரோடு அடுத்த வாரம் பேசுகிறோம். ஜாவி அம்மா, அந்த மரவீட்டை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். செப்டம்பர் முதல் தேதியிலிருந்து கிடைக்குமா? கிணறு உண்டா?

ஜாவி வாசகி எழுதியது:

கிடைக்கும் ஐயா, வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன். கிணறு இருக்கிறது, செடிக்கு ஊற்ற மட்டும். குடிக்கக் குழாய் நீர் வருகிறது. கூரையில் பின்பக்கம் ஒரு தகரம் மாற்ற வேண்டும், நீங்கள் வருவதற்குள் மாற்றிவிடுவதாகச் சொல்கிறார்.

பைராம் பிள்ளை எழுதியது:

குமாஸ்தா அண்ணனுக்கு ஒரு தகவல். நேற்று துண்டுக்காரர்கள் கோயில் மண்டபத்தில் கூடினோம். வழக்கறிஞரைப் பார்க்க எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஒப்பந்த நகல்களை ஒரே கோப்பில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்; நில வரி ரசீதுகளையும் சேர்க்க வேண்டுமா?

பத்திரக் குமாஸ்தா எழுதியது:

கட்டாயம் சேருங்கள், தம்பி. வரி ரசீது, முதலில் பணம் கட்டிய வங்கிச் சீட்டு, மின்சார, தண்ணீர்க் கணக்குகள், வீடு கட்டியபோது எடுத்த படங்கள், சொந்தக்காரர் கையெழுத்தில் ஏதாவது கடிதம் இருந்தால் அதன் மூலப்படி. கிராண்டுக்குப் புதிதாக ஒரு தேடல் எடுத்து அதையும் மேலே வைத்துக்கொண்டு போங்கள். வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான்.